குரல் மட்டும் போதுமா?

தொலைபேசியிலும் காணொளியிலும் வைத்தியரைக் காணும் முறையே மலையகத்தின் வைத்தியக் குறைக்குத் தீர்வு என்று கூறுவோர் இன்று பலர். குறைக்குக் காரணம் தூரம். தூரத்தை வெல்வது கருவி என்பது அவர்களது வாதம். இவ்வாதத்தை வட்டகொடையில் வைத்து உரைத்துப் பார்ப்போம்.

1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதை வட்டகொடை வழியாகவே செல்கிறது. மலைத் தேயிலை அவ்வழியே கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. தேயிலைப் பெட்டிக்கு இல்லாத தூரம், கொழுந்தெடுத்தவருக்கு மட்டும் எவ்வாறு வந்தது? 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டம், தோட்டத்தில் நோயுற்றோரை அறிவதையும், நோய் கடுமையானால் வைத்திய அதிகாரியை அழைப்பதையும் துரையின் கடமையாக்கியது. நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவே நிர்வாகம் நின்றது. வட்டகொடைப் பகுதியின் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. வாக்குரிமையும் பறிபோனபின், வைத்தியசாலை வேண்டுமெனக் கேட்கும் வலிமை அவர்களுக்கு எங்கிருந்து வரும்? இத்தூரம் மலை வகுத்ததன்று, மனிதர் வகுத்தது.

விஞ்ஞானத்தை நாம் வெறுப்பவர்களல்லர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர் தொடர் ஆலோசனை பெறவும், பரிசோதனை அறிக்கையின் பொருளறியவும், 1926 என்னும் இலக்கத்தில் மனநலத் துணை தேடவும் தொலைபேசி உதவும். பட்டணம் போய்வருவதால் இழக்கும் ஒருநாட் பேரை அது காக்கும். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்கூலி 1000 ரூபாயானதே 2021இல்தான் என்பதை நினைத்தால், இந்நன்மை சிறிதன்று.

ஆயினும் கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டறியவும், நெஞ்சின் ஒலியைக் கேட்கவும் அருகில் ஆள் வேண்டும். நேரில் மொழி புரியாவிடினும் நோயாளி வலிக்கும் இடத்தைக் கையால் காட்டலாம். தமிழறியாத வைத்தியரிடம் தொலைபேசியில் எதைக் காட்டுவது? அவர் சொல்லும் மருந்தை லயத்துக்குக் கொண்டுவருபவர் யார்?

ஆஸ்திரேலியாவின் அனுபவம் நோக்கத்தக்கது. அங்கு 1928இல் பறக்கும் வைத்திய சேவை தோன்றியது. பின்னர் வானொலி வழியே வைத்தியர் தொலைதூரப் பண்ணைகளுடன் பேசினார். 1942 முதல் எண்ணிட்ட மருந்துகள் அடங்கிய பெட்டிகள் அங்கு வைக்கப்பட்டன. வைத்தியர் எண்ணைச் சொல்ல, அங்கிருந்தோர் அம்மருந்தை எடுத்துக் கொடுத்தனர். அது போதாதபோது விமானம் வந்தது. குரலுக்குப் பின்னால் மருந்தும் ஆளும் நின்றமையாலேயே அது வைத்தியமாயிற்று.

இங்கோ, தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களில் தொடங்கியும் முற்றுப்பெறவில்லை. அப்பணி முடியட்டும். தமிழறிந்த வைத்தியரும் மருந்தும் வாகனமும் அங்கே நிலைபெறட்டும். அவற்றோடு தொலைபேசியும் வருமாயின் நாம் மனமுவந்து வரவேற்போம். அவற்றுக்குப் பதிலாக வருமாயின், அன்று துரை நின்ற இடத்தில் இன்று ஒரு கருவி நிற்கும், அவ்வளவே. இவ்வேறுபாட்டை மக்களுக்கு உணர்த்துவது ஆசிரியர், மாணவர் அனைவரின் கடமையாகும்.