ராத்திரி ரெண்டு மணிக்கும் விளக்கெரியும் பட்டறை

சென்னை ஐஐடிக்குள் நுழைகிறவர்கள் முதலில் வளாகத்தில் திரியும் மான்களைத்தான் படம் எடுப்பார்கள். மாணவர்களின் படைப்புகளைக் காட்டும் ஓபன் ஹவுஸ் பார்க்க நான் கூட்டிப்போன எங்கள் கல்லூரிப் பிள்ளைகளும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் சிஎஃப்ஐ பட்டறைக்குள் கால் வைத்த பிறகு ஒருவர்கூட மான் பேச்சை எடுக்கவில்லை. எடுக்க நேரம் ஏது!

சிஎஃப்ஐ என்பது மாணவர்களே நடத்தும் புத்தாக்க மையம். 1981இல் படிப்பை முடித்துப்போன முன்னாள் மாணவர்கள் கொடுத்த பணத்தில் 2008இல் தொடங்கியது. இரவு பகல் பாராமல் திறந்திருக்கும். மனதில் ஒரு யோசனை வந்தால் விடிந்து, மேலதிகாரி கையெழுத்துப் போடும்வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரி ரெண்டு மணிக்கும் அங்கே யாராவது சால்டரிங் வைத்துக்கொண்டிருப்பார்கள். பதினைந்து வருடத்துக்கு மேலாக மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறேன். லேப் என்றால் மணி அடித்ததும் பூட்டுகிற அறை என்றே பழகிப்போன எனக்கு, இப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதே கொண்டாட்டமாக இருந்தது.

ரேஸ் கார் செய்யும் குழுவில் இருந்த ஒரு பெண்ணுக்கு வயது இருபதுகூட இருக்காது. பிரேக் டிஸ்க்கைக் கையில் எடுத்து, அதில் துளைகள் ஏன் போட்டிருக்கிறார்கள், சூடு எப்படி வெளியேறுகிறது, எங்கே எடை குறைகிறது என்று எங்கள் பையன்களுக்கு விளக்கினார். "அக்கா, இதை நீங்களேவா டிசைன் பண்ணீங்க?" என்று ஒருவன் கேட்டான். "பின்னே? போன வருஷ டிஸ்க் இங்கதான் இருக்கு, இந்தா பிடிச்சுப் பாரு" என்று இன்னொன்றையும் அவன் கையில் வைத்தார். இரண்டையும் மாறி மாறித் தூக்கி எடை பார்த்தானே, அந்த அரை நிமிடத்தில் அவனுக்குப் புரிந்ததை நான் ஒரு செமஸ்டர் முழுக்கக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

காற்று நீக்கிய குழாய்க்குள் வண்டி ஓடும் ஹைப்பர்லூப் செய்யும் 'ஆவிஷ்கார்' குழுவும் இந்தப் பட்டறையில் முளைத்ததுதான். 2019இல் ஸ்பேஸ்எக்ஸ் நடத்திய போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போன ஒரே ஆசியக் குழு அது. இன்று தையூரில் உள்ள ஐஐடியின் இன்னொரு வளாகத்தில் 422 மீட்டர் நீளத்துக்குச் சோதனைக் குழாய் போட்டிருக்கிறார்கள். மாணவர்கள் தொடங்கி வைத்த வேலை எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்!

பட்டறைக்கு வெளியே என் மனதைக் கொள்ளைகொண்டது மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகள் செய்யும் ஆய்வகம். பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் குழு அது. 2019இல் அவர்கள் வெளியிட்ட 'அரைஸ்' சக்கர நாற்காலியை நின்று நிதானமாகப் பார்த்தேன். உட்கார்ந்திருப்பவர் முட்டியையும் மார்பையும் பட்டையால் கட்டிக்கொண்டு, பக்கத்தில் உள்ள நெம்புகோலைக் கையால் இயக்கினால் நாற்காலியே அவரை எழுப்பி நிறுத்திவிடுகிறது. மோட்டார் கிடையாது. ஸ்பிரிங்குகள் உடல் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் கையில் பெரிய பலம் தேவையில்லை. பிறர் தயவில்லாமல் ஒரு மனிதர் எழுந்து நின்று எதிரே இருப்பவரை நேருக்கு நேர் பார்க்கலாம். அங்கிருந்து கிளம்பிய நியோமோஷன் நிறுவனத்தின் 'நியோபோல்ட்' இன்னும் ஒரு படி மேலே. நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொண்டால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை சாலையில் போகிற வண்டியாகிவிடும். ஸ்டாட்டிக்ஸ், மெக்கானிசம் எல்லாம் எதற்கு சார் என்று கேட்கும் ஒவ்வொரு மாணவரையும் இந்த நாற்காலிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

ராக்கெட் நிறுவனமான 'அக்னிகுல்' பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் படித்தது பக்கத்திலேயே உள்ள கிண்டி பொறியியல் கல்லூரியில். ராக்கெட் செய்யும் ஆசையோடு வந்தவருக்குக் கைகொடுத்தவர் ஐஐடியில் எரிதல் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி. இன்ஜினை ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக 3டி பிரிண்டரில் அச்சிட்டார்கள். 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அவர்களுடைய சோதனை ராக்கெட் கிளம்பியது. அதற்கு முன்னால் பலமுறை தள்ளிப்போனது. விடவில்லையே அவர்கள்! கிளம்பிய செய்தி வந்த அன்று வகுப்பில் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அதைத்தான் பேசினேன்.

இதெல்லாம் ஜேஇஇ எழுதி ஜெயித்தவர்களுக்குத்தானே என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் அங்கேயே ஆராய்ச்சி செய்ய, ஐஐடி அல்லாத கல்லூரி மாணவர்களை உதவித்தொகை கொடுத்து அழைக்கும் 'சம்மர் ஃபெலோஷிப்' இருக்கிறது. பொறியியல் மட்டுமில்லை, அறிவியல், மேலாண்மை, கலைப்பாடம் படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். இன்றைய இயக்குநர் காமகோடியே பி.இ. படித்தது ஸ்ரீபெரும்புதூர் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரியில். அவருடைய குழு செய்த 'சக்தி' பிராசஸர் 2018இல் சிலிக்கானில் வந்து லினக்ஸை ஓட்டியது.

என் மாணவி ஒருத்திக்கு அந்த ஃபெலோஷிப் கிடைத்தது. அப்பாவுக்குத் தறி வேலை. போன முதல் வாரமே போனில், "சார், இங்க பிஹெச்டி பண்ற அண்ணா என்கிட்ட அபிப்பிராயம் கேட்கிறார் சார்!" என்றாள். தான் எடுத்த அளவுகளில் ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி நிற்பது ஏன் என்று கண்டுபிடிக்க மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டாளாம். அதைச் சொல்லும்போது அந்தக் குரலில் இருந்த சந்தோஷம்!

விண்ணப்பம் போடுகிற பிள்ளைகளுக்கு அவள் சொல்லும் யோசனை இது: எந்தப் பேராசிரியரிடம் வேலை செய்ய ஆசையோ அவருடைய கட்டுரை ஒன்றையாவது முழுசாகப் படித்துவிட்டு, அதில் புரியாத இடத்தையே கேள்வியாக எழுதுங்கள். எங்கள் மூன்றாம் ஆண்டு வகுப்பில் இப்போது மதிய இடைவேளையில் அந்தக் கட்டுரைகள்தான் ஓடுகின்றன. அடுத்த ஓபன் ஹவுஸுக்குப் பெரிய பஸ்ஸாகவே பேசிவிட்டேன்.