‘மர்மதேசம்’: அச்சமும் மருட்கையும் தொகுப்பும்

தொலைக்காட்சித் தொடரை இலக்கிய ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகக் கொள்ளலாகுமா என்னும் ஐயம் தமிழ்த்துறைகளில் இன்றும் எழுவது உண்டு. நாடகத்தை முத்தமிழுள் ஒன்றாக எண்ணிய மரபினர்க்கு அவ்வையம் வேண்டுவதன்று. 1990களில் சன் தொலைக்காட்சியில் வாரந்தோறும் ஒளிபரப்பாகிய ‘மர்மதேசம்’ தொடரின் பகுதிகளுள் ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ என்னும் இரண்டினை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. இவற்றின் கதையை எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா, தயாரித்தது கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம். வாரம் ஒன்றாக வந்த இந்நாடகங்கள், வீடுகளில் தொகுத்து வைக்கப்பெற்ற பின் எவ்வாறு மாறுகின்றன என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

அணங்கோ, கள்வரோ?

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு நிலைக்களன் நான்கு என வகுக்கும். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. மருட்கைக்கும் நான்கு கூறும்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இப்பாகுபாடு இத்தொடர்களின் அமைப்பை விளக்கப் பெரிதும் துணைசெய்கின்றது.

‘ரகசியம்’ இரவில் எவரும் தங்கலாகாத சிவன் கோயில் ஒன்றனையும், சித்தர் மரபையும், நவபாஷாணத்தையும் சூழ்ந்து அமைந்த கதை. ‘விடாது கருப்பு’ தோட்டக்காரமங்கலம் என்னும் சிற்றூரில் தவறு செய்தாரைக் கருப்புசாமி தண்டிப்பதாக ஊரார் நம்பும் கதை. இவ்விரண்டிலும் காண்போர் உள்ளத்தில் எழும் வினா ஒன்றே: இங்கு அஞ்சத்தக்கது அணங்கா, கள்வரா? தெய்வம் என்று விடை கொண்டால் கதை பக்திக் கதையாகிவிடும். மனிதர் சூழ்ச்சி என்று கொண்டால் துப்பறியும் கதையாகிவிடும். விடை கூறாது நிறுத்திய இடைநிலையிலேதான் மருட்கை பிறக்கின்றது. இதுவே இத்தொடர்களின் தனிச்சிறப்பு.

விளக்கம் பெறாத புதிர்களைப் பற்றிய தொடர்கள் பிறமொழிகளிலும் உள. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1980இல் பிரித்தானியத் தொலைக்காட்சிக்காக 13 பகுதிகள் கொண்ட தொடர் ஒன்றனை வழங்கினார். முன்பு புதிராயிருந்து இன்று விளங்கியவை, ஓரளவு ஊகிக்கத்தக்கவை, விளக்கமே காணாதவை எனப் புதிர்களை அவர் மூவகைப்படுத்தினார். அத்தொடர், ‘இது மெய்யா?’ என்று வினவுகின்றது. தமிழ்த் தொடரோ, ‘இதனை மெய்யென நம்பும் மக்கள் என்ன ஆகின்றனர்?’ என்று வினவுகின்றது. முன்னையது செய்திப்படம், பின்னையது நாடகம். இவ்வேறுபாடு மறக்கற்பாலதன்று.

வட்டாரமும் காண்போரும்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தார்க்கு இக்கதைப்பொருள் புதியதன்று. பொதிகை மலைச் சித்தர் பற்றிய செய்திகளைக் கேட்டு வளர்ந்தோர் இவர். மலைக்கு அப்பால் அச்சன்கோவிலில் சாத்தாவோடு கருப்பனையும் வழிபட்டு வருவோர். கருப்பு இவர்க்கு அணங்கு மட்டுமன்று. ஊரைக் காக்கும் இறையும் ஆவார். ஆகவே, நகரத்தார் கதையாகக் கண்டதனை இவ்வட்டாரத்தார் தம் ஊர்ச் செய்தி போலக் கண்டனர்.

ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே ஆறு நாள் இருந்தன. அவ்வாறு நாளும் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும், ‘செய்தது கருப்பா, ஆளா?’ என்னும் வழக்கு நடந்தது. அவ்வழக்காடலும் நாடகத்தின் ஒரு கூறே எனலாம். எழுத்தாளர் எழுதாததும் இயக்குநர் இயக்காததும் ஆகிய அக்கூற்றினைக் காண்போரே இயற்றினர்.

தொகுப்பின் இயல்பு

இனித் தொகுப்புகளை நோக்குவோம். தென்காசி இல்லம் ஒன்றில் வீடியோ கேசட்டுகளாகவும், வேறோர் இல்லத்தில் குறுந்தகடுகளாகவும் இத்தொடரின் பகுதிகளைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. கேசட்டில் பதிந்தோர் விளம்பரம் வரும்போது பதிவை நிறுத்தி, மீண்டும் தொடங்கியுள்ளனர். அதனால் சில காட்சிகளின் தொடக்கம் விடுபட்டுள்ளது. சில இடங்களில் நிறுத்த மறந்தமையால் விளம்பரங்களும் பதிவாகியுள்ளன. உறைமேல் எண்ணும் நாளும் கையால் எழுதப்பட்டுள்ளன. இவற்றைப் பிழை எனத் தள்ளுதல் தகாது. ஏட்டுச் சுவடியின் இறுதியில் எழுதினோன் பெயரும் காலமும் காணப்படுதல் போல, இவையும் காலத்தை அறிவிக்கும் சான்றுகளாம்.

தொகுப்பு மூலத்தின் பொருளையே மாற்றவும் கூடும் என்பதற்கு ஓர் அயல்நாட்டுச் சான்று உண்டு. 1987இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘அன்சால்வ்டு மிஸ்டரீஸ்’ என்னும் தொடர் ஒரே இரவில் கொலை, காணாமற்போதல், பேய், அற்புதம் ஆகியவற்றைக் கலந்து காட்டுவது. 2004 முதல் அது டி.வி.டி. தொகுதிகளாக வந்தபோது, பேய் ஒரு தொகுதி, பறக்கும் தட்டு ஒரு தொகுதி, அற்புதம் ஒரு தொகுதி எனப் பொருள்வகையால் பிரிக்கப்பட்டது. கொலைச் செய்தியை அடுத்துப் பேய்ச் செய்தி வருவதால் விளைந்த ஐயம் அங்கே அழிந்தது. அணங்கையும் கள்வரையும் வேறு வேறு பெட்டியில் இட்டு வைத்தால் மருட்கைக்கு இடமேது?

‘மர்மதேசம்’ தொகுப்புகளில் வரிசை மாறவில்லை; இடைவெளியே அழிந்தது. ஒரே நாளில் பத்துப் பகுதிகளைக் காண்போர்க்கு ஐயம் ஊறுதற்குக் காலமில்லை. ஆயினும், ஒரு நன்மையும் உண்டு. ‘விடாது கருப்பு’ சிற்றூர்க் கதை, நகரக் கதை என இரண்டினை மாற்றி மாற்றிச் சொல்கின்றது. இராசேந்திரன் என்னும் ஒருவனே சிறுவனாகவும் வளர்ந்தவனாகவும் நின்று இரண்டினையும் இணைக்கின்றான். வாரந்தோறும் கண்டோர்க்கு இப்பின்னல் முழுவதும் புலப்படுதல் அரிது. தொகுத்துக் காண்போர்க்கு அது தெளிவாகப் புலப்படும்.

மீண்டும் காணுதல்

முடிவு தெரிந்தபின் ஒரு மர்மக் கதை எஞ்சுமா? இவ்வினாவிற்குக் குற்றாலமே விடை கூறத் தக்க இடம். இங்கு வாழ்ந்து 1954இல் மறைந்த இரசிகமணி டி. கே. சி., ஒரே பாட்டைப் பலகாற் பாடிச் சுவைத்துக் காட்டியவர். மீண்டும் சுவைக்குந்தோறும் வளர்வதே கவி என்பது அவர் வாழ்ந்து காட்டிய கொள்கை. நெல்லை நாட்டுக் கொடை விழாக்களில் சுடலைமாடன் கதையை வில்லுப்பாட்டில் கேட்போரும் முடிவை அறிந்தோரே. எனினும் விடியுமளவும் அமர்ந்து கேட்கின்றனர்.

இவ்வளவுகோலால் அளந்தால், ‘ரகசியம்’ இரண்டாம் முறை காணும்போது சற்றே மெலிகின்றது. அதன் வலிமையின் பெரும்பகுதி மறைபொருளில் உள்ளமையே காரணம். ‘விடாது கருப்பு’ மெலியவில்லை. ஊரார் கருப்பின் தண்டனை என்பதனை உளநூல் பிளவுபட்ட ஆளுமை என விளக்குகின்றது. அவ்விளக்கம் கிடைத்த பின்னரும், குற்றத்திற்குத் தண்டனை தப்பாது என்னும் ஊரின் நீதி விளங்காப் பொருளாகவே நிற்கின்றது. மூல நாவலின் பெயர் ‘விட்டுவிடு கருப்பா’ என்பது. அது குற்றவாளியின் இறைஞ்சல். ‘விடாது கருப்பு’ என்பதோ ஊரின் தீர்ப்பு. இறைஞ்சல் தீர்ப்பாக மாறிய இப்பெயர் மாற்றம் ஒன்றே நாடகத்தின் ஆழத்தைக் காட்டப் போதும். அத்தொடர்மொழி இன்று செய்தித்தாளிலும் அன்றாடப் பேச்சிலும் வழங்குதல் நோக்கற்பாலது.

செய்ய வேண்டுவது

பாலசந்தர் 2014இலும், இந்திரா சௌந்தர்ராஜன் 2024இலும் மறைந்தனர். கவிதாலயா நிறுவனம் யூடியூப் வாயிலாக இத்தொடரை வெளியிட்டமை நன்று. எனினும் அது நாடகத்தை மட்டுமே தருகின்றது. அதனை மக்கள் கண்ட முறையைத் தருவதன்று. அதற்குச் சான்றாகிய கேசட்டுகள், சாரல் காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பூத்து அழிந்து வருகின்றன. அவற்றை ஓட்டிக் காணும் கருவிகளும் அருகிவிட்டன. உ. வே. சாமிநாதையர் வீடு வீடாகச் சென்று ஏடு தேடிய நாட்டில், நம் காலத்து ஏடுகள் நம் கண்முன்னே செல்லரிக்க விடுதல் தகுமா? தமிழ்த்துறைகள் இவ்வீட்டுத் தொகுப்புகளைத் திரட்டி, விளம்பரமும் உறைக்குறிப்பும் நீக்காது படியெடுத்து, வாரந்தோறும் கண்டு வழக்காடியோரின் நினைவுகளையும் உடன் பதிவு செய்தல் வேண்டும். கண்டோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆதலின் இப்பணி இன்றே தொடங்கத் தக்கது.