சாட்சிமொழியும் படக்குழுவும்: ‘அந்த நாள்’ – ஒரு திறனாய்வு

1. முன்னுரை

ஏவி.எம். நிறுவனம் தயாரித்து, எஸ். பாலசந்தர் இயக்கி, 1954 ஏப்ரல் 13ஆம் நாள் வெளிவந்த ‘அந்த நாள்’ பற்றிய தமிழ்க் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே தொடரில் முடிந்துவிடுகின்றன: ‘பாட்டும் நடனமும் சண்டையும் இல்லாத முதல் தமிழ்ப் படம்’. இத்தொடர் படத்தில் இல்லாதவற்றைக் கூறுகிறதேயன்றி இருப்பவற்றைக் கூறவில்லை. பாட்டு நீங்கிய இடத்தை நிரப்பியது எது? நிரப்பியவர் யாவர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண இக்கட்டுரை முயல்கிறது. அவ்விடத்தைச் சாட்சிமொழி நிரப்பியது என்பதும், அது இயக்குநர் ஒருவரின் ஆக்கமன்று, பலர் பகிர்ந்து செய்த பணி என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்துகளாகும்.

2. கதையமைப்பு

1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய காலம் கதைக்குக் களமாகிறது. வானொலிப் பொறியாளன் இராஜன் படத்தின் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். அண்டை வீட்டுச் சின்னையா, இராஜனின் தம்பி பட்டாபி, பட்டாபியின் மனைவி ஹேமா, இராஜனோடு தொடர்புடைய அம்புஜம், மனைவி உஷா ஆகியோர் விசாரிக்கப்படுகின்றனர். ஒவ்வொருவர் கூற்றும் ஐயத்தை வேறொருவர் பக்கம் திருப்புகிறது.

அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) பாலசந்தருக்குத் தூண்டுகோலாக அமைந்தது என்பது பலரும் அறிந்ததே. ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. ‘ரஷோமோன்’ ஒரே நிகழ்ச்சியைப் பலர் வாயிலாக முரண்படக் கூறுகிறது. ‘அந்த நாள்’ ஒரே மனிதனைப் பலர் வாயிலாகக் காட்டுகிறது. இவ்வகையில் அது அந்தோணி அஸ்கித் இயக்கிய ‘தி வுமன் இன் குவெஸ்சன்’ (1950) என்னும் ஆங்கிலப் படத்திற்கு நெருக்கமானது.

3. எழுத்தும் வினாவும்

திரைக்கதையையும் உரையாடலையும் அமைத்த ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார். எல்லா விடைகளையும் எழுதியவரே படத்தினுள் வினாக்களை எழுப்புபவராகவும் நிற்பது நோக்கத்தக்கது. அவ்வதிகாரி மிகுதியாகப் பேசுவதில்லை. பிறரைப் பேச விடுகிறார். உரையாடலாசிரியர் தம் புலமையைக் காட்டுவதே வழக்கமாயிருந்த ஒரு காலத்தில் இவ்வடக்கம் எளிதன்று.

தமிழில், கேள்வியுற்ற செய்தியைக் கண்ட செய்தியினின்று பிரித்துக்காட்ட ‘ஆம்’ என்னும் விகுதி உண்டு. ‘வந்தான்’ என்பதற்குப் பேசுபவர் பொறுப்பேற்கிறார். ‘வந்தானாம்’ என்பதற்கு ஏற்பதில்லை. திரைப்படப் பிம்பத்திற்கோ அத்தகைய விகுதி இல்லை. சாட்சி ஒருவர் கூறத் தொடங்கியதும் நினைவுக்காட்சி விரிகிறது. பார்வையாளர் அதனைக் கண்ட செய்தியாகவே கொள்கின்றனர். அடுத்த சாட்சி பேசும்போதுதான் முன்னர்க் கண்டது கேட்ட செய்தி மட்டுமே என்பது விளங்குகிறது. படத்தின் புதிர் இவ்விடைவெளியில் அமைந்துள்ளது எனலாம்.

4. நடிப்பு

இப்படத்திற்குப் பதினெட்டுத் திங்களுக்கு முன் வெளியான ‘பராசக்தி’ (1952) ஒப்பிடத்தக்கது. அதிலும் சிவாஜி கணேசன், பண்டரிபாய் ஆகியோரே நடித்தனர். ஒளிப்பதிவாளரும் அதே எஸ். மாருதி ராவ்தான். அப்படத்தின் குணசேகரன் நீதிமன்றத்தில் நின்று தன் வழக்கைத் தானே நெடிதாக உரைக்கிறான். இராஜனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவன் இறந்தவன், பிறர் கூற்றினுள் மட்டுமே வாழ்பவன். தம்பிக்கு ஓர் அண்ணன், மனைவிக்கு ஒரு கணவன், அம்புஜத்திற்கு ஒரு காதலன் எனச் சொல்பவருக்கேற்ப அவன் மாறுகிறான். பேச்சாற்றலால் புகழ்பெற்ற நடிகர், தமக்கெனச் சொந்தக் கூற்றில்லாத பாத்திரத்தை ஏற்றார். வேறொரு நடிகரைக்கொண்டு எடுக்கப்பட்ட பகுதிகளை விலக்கிச் சிவாஜியையே நடிக்கச் செய்தவர் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். எனவே இப்பயனில் அவருக்கும் பங்குண்டு.

பண்டரிபாயின் உஷாவே படத்தின் அச்சு. நாட்டை விற்கும் கணவனுக்கும் நாட்டுக்கும் இடையே நிற்கும் அவள் கூற்றில்தான் உண்மை வெளிப்படுகிறது. ஆனால் நாட்டுப்பற்றுப் பற்றிய கணவன் மனைவி வாக்குவாதத்தில் சாட்சிமொழி தளர்ந்து மேடைமொழி தலைகாட்டுகிறது. இதனைப் படத்தின் குறை என்றே கொள்ள வேண்டும்.

5. ஒளியும் ஓசையும்

பிரெஞ்சு விமர்சகர்கள் ‘ஃபிலிம் நுவார்’ எனப் பெயரிட்ட இருள்வகைக் குற்றப்படங்களின் ஒளியமைப்பை மாருதி ராவ் தமிழ் நடுத்தர வர்க்க வீட்டினுள் கொணர்ந்தார். முகத்தின் ஒரு பாதி நிழலில் நிற்கும்போது, சொல்லப்படுவதன் மறுபாதி மறைக்கப்படுகிறது என்னும் குறிப்பு எழுகிறது. சொல்லில் இல்லாத ‘ஆம்’ விகுதியை ஒளி ஓரளவு ஈடுசெய்கிறது என்று கருத இடமுண்டு. பாட்டை விலக்கிய பாலசந்தர் வீணைக் கலைஞர் என்பதும் இங்கு எண்ணத்தக்கது. இசையின் ஆற்றலை உணர்ந்தவர் அதனை எங்கு நிறுத்த வேண்டும் என்பதையும் உணர்ந்திருந்தார்.

6. பம்பாய்ப் படங்களோடு ஓர் ஒப்பீடு

இக்கட்டுரை எழுதப்படும் கோவண்டியை அடுத்த செம்பூரில் முன்னர் இயங்கிய ஆர்.கே. ஸ்டூடியோவின் பெயர்பெற்ற படம் ‘ஆவாரா’ (1951). அதுவும் நீதிமன்ற விசாரணையிலிருந்து பின்னோக்கி விரியும் கதையே. ராது கர்மாகரின் ஒளிப்பதிவில் நிழலுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயினும் அதில் மாந்தரின் உள்ளத்தை உணர்த்தும் பொறுப்பைப் பாடல்கள் ஏற்கின்றன. அதன் எழுத்தாளர்களுள் ஒருவரான கே.ஏ. அப்பாஸ் 1954இல் பாடலற்ற ‘முன்னா’வை இயக்கினார். பி.ஆர். சோப்ராவின் ‘கானூன்’ 1960இல் வெளிவந்தது. ஆகவே பாடலின்மை மட்டுமே ‘அந்த நாள்’ படத்தின் தனித்தன்மையாகாது. பாடலின் பொறுப்பை ஐவர் கூற்றுகளுக்குப் பகிர்ந்தளித்தமையே அதன் தனித்தன்மை.

7. முடிவுரை

வெளியான காலத்தில் இப்படம் வணிக வெற்றி பெறவில்லை. தேசிய விருதுக் குழுவின் தகுதிச் சான்றிதழைப் பெற்றது. பின்வந்த திறனாய்வு இதன் பெருமை முழுவதையும் இயக்குநர் பெயரில் எழுதிவைத்தது. பாலசந்தரோ, பத்தாண்டுகள் கழித்துத் தாம் இயக்கிய ‘பொம்மை’ (1964) படத்தின் இறுதியில், நடிகர்களோடு தொழில்நுட்பப் பணியாளர்களையும் திரையில் தோன்றச் செய்து தாமே அறிமுகப்படுத்தினார். இயக்குநர் ஒப்புக்கொண்ட இவ்வுண்மையைத் திறனாய்வும் ஏற்க வேண்டும். திரைப்படத்தின் மொழியை ஆராய்வோர், ஒரு தொடரைப் பேசியவர் யார் என்பதோடு அமையாமல், அதனை எழுதியவர், அதன்மேல் ஒளியையோ நிழலையோ வீழ்த்தியவர், அதற்கு மௌனத்தை ஒதுக்கியவர் ஆகியோரையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். பல சாட்சிகளைக் கேட்டே உண்மையை அறியலாம் எனக் காட்டிய படத்தை, ஒருவர் பெயரால் மட்டும் அறிதல் பொருந்தாது.