முன்பணம் வாங்கிய ஸ்மாஷர்

ஆரணிப் பட்டு நெசவாளியிடம் முன்பணம் என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். முதலாளியிடம் கைநீட்டி வாங்கிவிட்டால் கடன் தீரும்வரை தறி அவருக்குத்தான் ஓடும். அடுத்த தெருவில் கூலி கூடுதலாகக் கிடைத்தாலும் போக முடியாது.

கோடை வாலிபால் போட்டிகளின் ஓரத்தில் கல்லூரிக் கோச்சுகள் பதினொன்றாம் வகுப்புப் பையன்களிடம் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த முன்பணம்தான் ஞாபகம் வரும். "சீட் ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ. நம்ம காலேஜுக்கே வந்துடு தம்பி." ஒரு ஜோடி ஷூ கைமாறும். அதோடு பேச்சு முடிந்தது.

அவசரம் பையனுக்கல்ல, கோச்சுக்கு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் 17 வயது முதல் 25 வரை ஆடலாம். இளசாகப் பிடித்துப்போட்டால் டிகிரி, பி.ஜி. என்று ஐந்து வருஷம் ஆடவைக்கலாமே!

பையன் பக்கக் கணக்கு வேறு. ஆண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர். பதினாறு வயதில் ஸ்மாஷ் அடித்துக் கைதட்டு வாங்குகிறவன் அதற்குமேல் வளராமல் நின்றுவிட்டால் பின்வரிசையில் பந்தெடுக்கும் லிபரோவாகத்தான் பிழைக்க வேண்டும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தக் கல்லூரியில் இப்போதிருக்கும் லிபரோ எந்த வருஷம் படிக்கிறான்? முதல் வருஷம் என்றால், பி.ஜி.யும் அவன் அங்கேயே முடிக்கும்வரை நம்ம பையனுக்கு மூன்று வருஷமும் பெஞ்சுதான். சாப்பாடு ஃப்ரீயா என்று கேட்கிற வீடுகள் இதைக் கேட்பதில்லை.

பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குச் சான்றிதழ் சேராது. பல்கலைக்கழக அணிக்கு ஆடினால் கிடைக்கும் படிவம் 3தான் பிற்பாடு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு உதவுகிற காகிதம். திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியில் சேர்ந்தால், கல்லூரி அணியில் இடம்பிடித்த பிறகும் பல்கலைக்கழகத் தேர்வில் இன்னொரு வடிகட்டல் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் அந்த வடிகட்டல் குறைவு. ஆனால் பெஞ்சு நீளம்.

அமெரிக்காவில் எட்டு, ஒன்பதாம் வகுப்பிலேயே வாக்குக் கொடுக்கும் வழக்கம் முற்றிப்போய், லக்ராஸ் ஆட்டத்துக்கு, அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ 2017-ல் கோடு கிழித்தது. பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1-க்கு முன் கோச் ஆள்பிடிக்கப் பேசக்கூடாது. நம் ஊரில் அந்தக் கோட்டை வீட்டில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், ப்ளஸ் டூ ரிசல்ட் வரும்வரை வாய் திறக்காதே என்பேன். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்றே 500 இடங்கள் இருக்கின்றன. முன்கூட்டி வாக்குக் கொடுத்தவன் அந்தப் பக்கமே போவதில்லை. சேர்ந்தபின் விலக நினைத்தால் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாதென்று யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. ஷூ வாங்கின கூச்சத்தில் யார் போய்த் திருப்பிக் கேட்பது?

பாவு காலியாகி, அடுத்த பாவுக்காகச் சும்மா கிடக்கும் தறியைப் பார்த்தவர்களுக்கு ஃப்ரீ சாப்பாட்டை ஏளனம் பண்ணத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. எழுதி வாங்குங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

போன மே மாதம் ஓர் இரவு ஆட்டம் முடிந்து ஒரு கோச் இதே பல்லவியைப் பாடினார். பையனின் அப்பா, விரலிடுக்கில் சாயம் போகாத மனுஷர், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி சார். முட்டி போயிடுச்சின்னா ரெண்டாம் வருஷ ஃபீஸை யாரு கட்டறது?"

கோச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஷூ டப்பா பிரிக்காமல் பெஞ்சிலேயே இருந்தது.