பாளையத்தின் ‘ளை’: பழமைத் தோற்றத் தமிழ் எழுத்துருக்களின் வடிவாக்கமும் பயன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

பழமைத் தோற்றம் தரும் அலங்கார எழுத்துருக்கள் அழைப்பிதழ், நூலட்டை, திரைப்படத் தலைப்பு, கடைப்பலகை ஆகியவற்றில் பயன்படுகின்றன. இலத்தீன் எழுத்தின் செரிஃப் முனைகளைப் பொருத்துவதால் மட்டும் தமிழ் எழுத்துக்குப் பழமை வந்துவிடாது. காலம் குறிக்கத்தக்க வடிவ வேறுபாடுகளே அதனைத் தீர்மானிக்கின்றன என்பதைக் கோபிசெட்டிபாளையம் என்னும் ஊர்ப்பெயரின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: எழுத்துரு, செரிஃப், எழுத்துச் சீர்திருத்தம், குடிஅரசு, ஒருங்குறி

முன்னுரை

கொங்கு நாட்டு ஊர்ப்பெயர்களில் ‘பாளையம்’ என்னும் ஈறு மிகுதி. மேட்டுப்பாளையம், பெரியநாயக்கன்பாளையம், கோபிசெட்டிபாளையம் எனப் பட்டியல் நீளும். இவ்வீற்றிலுள்ள ‘ளை’, 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தில் வடிவம் மாறிய 13 எழுத்துகளுள் ஒன்று. ஆகவே இவ்வூர்ப்பெயரைப் ‘பழைய பாணியில்’ எழுத முனையும் வடிவமைப்பாளர், எந்தக் காலத்துப் பழமை என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது. பழமைத் தோற்ற எழுத்துருக்களை மதிப்பிடுவதற்கு இக்கேள்வியே இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

செரிஃப் முனையும் தமிழ் வரிவடிவமும்

செரிஃப் என்பது எழுத்துக் கோட்டின் முனையில் அமையும் சிறு நீட்சி. உரோமானியக் கல்வெட்டு எழுத்துகளோடு அதன் வரலாறு பிணைந்துள்ளது. கல்லில் வெட்டுவதற்கு முன் தூரிகையால் எழுதியதன் விளைவாக அது தோன்றியது என்று எட்வர்டு கேட்டிச் 1968-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். தமிழின் ஏட்டு மரபு வேறு. எழுத்தாணி ஓலையில் கீறும் கோடு பெரும்பாலும் ஒரே தடிமனுடையது. அங்கு முனை நீட்சிக்குத் தேவை எழவில்லை.

எனவே செரிஃபைத் தமிழுக்குக் கொணரும்போது அது எல்லா எழுத்துகளிலும் ஒரே சீராக அமைவதில்லை. ‘கோபிசெட்டிபாளையம்’ என்னும் சொல்லில் ப, ட ஆகியவற்றின் நேர்கோட்டு முனைகள் அந்நீட்சியை எளிதில் ஏற்கின்றன. கொம்பின் சுழியும் ளகரத்தின் வளைவும் அதற்கு இடம் தருவதில்லை. விளைவாக, ஒரே சொல்லின் சில எழுத்துகள் அணி பூண்டும் சில வெறுமையாகவும் நிற்கின்றன. வரியின் நிறம் சிதறுகிறது. அணி மிகுந்தும் பழமை கூடுவதில்லை. நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருக்களின் பெயரில் ‘செரிஃப்’ இடம்பெறுவது, பன்மொழி எழுத்துருக் குடும்பத்துள் இணையாக வைப்பதற்கான வகைப்பெயராகும். அதனைத் தமிழ் எழுத்து மரபின் இயல்பாகக் கொள்ளுதல் பொருந்தாது.

பழமையின் காலக்குறிகள்

தமிழ் எழுத்தின் பழமையை அடையாளம் காட்டுவன வேறு கூறுகள். முதலாவது, கோட்டின் தடிப்பும் மெலிவும். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தொடங்கி, 1862-இல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் அச்சிட்ட வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி வரை, அச்செழுத்தின் அளவும் செம்மையும் பெரிதும் மாறின. இரண்டாவது, குறில் நெடில் வேறுபாடு. கொ, கோ ஆகியவற்றை ஒற்றைக் கொம்பாலும் இரட்டைக் கொம்பாலும் பிரித்துக் காட்டும் முறை 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரோடு தொடர்புடையது. மூன்றாவது, 1978-க்கு முந்தைய கூட்டு வடிவங்கள். ணை, லை, ளை, னை ஆகிய நான்கிலும் ஐகாரக் குறி துதிக்கைபோல் வளைந்து மெய்யோடு ஒட்டி நின்றது.

ஆக, கோபிசெட்டிபாளையம் என்னும் ஒரே பெயரில் இரு காலக்குறிகள் உள்ளன: முதலெழுத்தாகிய ‘கோ’ 18-ஆம் நூற்றாண்டு மாற்றத்தையும், ‘ளை’ 20-ஆம் நூற்றாண்டு மாற்றத்தையும் சுட்டுகின்றன. இவ்வூரின் சுற்றுவட்டாரம் திரைப்படப் படப்பிடிப்புக்குப் பெயர்பெற்றது. 1950-களில் நிகழும் கதையொன்றின் காட்சியில், செரிஃப் முனைகளோடு இன்றைய ‘ளை’யைத் தாங்கிய ஊர்ப்பலகை வைக்கப்படுமாயின், அலங்காரம் இருக்கும்; காலம் இராது.

சீர்திருத்தத்தின் மண்ணில் பழைய வடிவம்

இவ்வாதம் பழைய வடிவங்களை எங்கும் மீட்க வேண்டும் என்ற முடிவுக்கு இட்டுச்செல்வதன்று. 1925 மே 2 அன்று ஈரோட்டில் தொடங்கப்பெற்ற ‘குடிஅரசு’ இதழில்தான் 1935-இல் பெரியார் சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். கற்போருக்கும் அச்சுக்கோப்போருக்கும் சுமை குறைய வேண்டும் என்பது அதன் நோக்கம். 1978-இல் தமிழ்நாடு அரசு அவற்றுள் 13 எழுத்துகளின் மாற்றத்தை ஏற்றது. அடுத்த ஆண்டு, 1979-இல், கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுப் பெரியார் மாவட்டம் உருவானபோது கோபிசெட்டிபாளையம் அதன் பகுதியாயிற்று. அம்மாவட்டமே இன்றைய ஈரோடு மாவட்டம்.

கல்வியை எளிதாக்கக் களையப்பட்ட வடிவம் இன்று அழகுக்காகத் திரும்பும்போது, அதனை வாசிக்க இயலாதவர் யார் என்று கேட்பது திறனாய்வின் கடமை. சீர்திருத்தத்திற்குப் பின் பள்ளியில் சேர்ந்தோர்க்குத் துதிக்கை வடிவம் கற்பிக்கப்படவில்லை. திருமண அழைப்பிதழின் தலைப்பில் அது இருப்பதால் இழப்பில்லை. ஊர் எதுவென்று பிற வரிகள் உணர்த்திவிடும். பேருந்து நிலையப் பலகையிலோ மருந்துக் குறிப்பிலோ அது தடையாகும்.

இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு உண்டு. ஒருங்குறியில் ‘ளை’ என்பது ளகரமும் ஐகாரக் குறியும் சேர்ந்த குறியீட்டு வரிசை; அது எவ்வடிவில் தோன்ற வேண்டும் என்பதை எழுத்துருவே முடிவு செய்கிறது. ஆதலால் ஓர் எழுத்துரு சீர்திருத்த வடிவத்தை இயல்பாகவும் பழைய வடிவத்தை விருப்பத் தெரிவாகவும் கொண்டிருக்கலாம். வடிவம் மாறினும் பனுவல் மாறாது, தேடலும் பாதிக்கப்படாது.

முடிவுரை

பழமைத் தோற்ற எழுத்துருவை அதன் அணிகளின் மிகுதியால் மதிப்பிடுதல் போதாது. அது எக்காலத்து வடிவங்களைத் தாங்குகிறது, அவற்றை எங்கே தருகிறது, விலக்கும் உரிமையைப் பயனருக்கு விட்டுவைக்கிறதா என்னும் மூன்றும் கேட்கப்பட வேண்டும். செரிஃப் முனைகளை மட்டும் சேர்த்துப் ‘பழையது’ எனப் பெயரிடும் எழுத்துரு, இலத்தீனின் பழமையைத் தமிழுக்கு அணிவிக்கிறது. மாற்றத்தின் வரலாற்றை அறிந்து இரு வடிவங்களுக்கும் உரிய இடம் தரும் எழுத்துருவே, பாளையத்தின் ‘ளை’க்கும் அதனை மாற்றியமைத்த சீர்திருத்தத்திற்கும் ஒருசேர நியாயம் செய்வதாகும்.