மஞ்சள், ஊதா, ஆரஞ்சு

நீலகிரியின் நடுவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும். அலமாரி மேலிருக்கும் பழைய வால்வு ரேடியோவையும் அந்த ஈரம் விடுவதில்லை. மெழுகு பூசிய காகிதக் கண்டன்சர், கரித்தூளை அழுத்திச் செய்த ரெசிஸ்டர் இரண்டுமே ஈரத்தை உறிஞ்சுபவை. பல வருஷம் ஊமையாகக் கிடந்த செட்டைத் திறக்கிற மெக்கானிக் முதலில் சந்தேகப்படுவது இவற்றைத்தான்.

இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ரேடியோவுக்குத் தனி மதிப்பு உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை தர, 1968ல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னால் டேன்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், ஆனது. நடுவட்டத்திலும் அதன் தோட்டம் இருக்கிறது. தமிழ்நாடே இலங்கை வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. இந்தக் குடும்பங்களுக்கு அது விட்டுவந்த ஊரிலிருந்து வரும் குரலும்கூட.

அந்தக் காலத்து மர்பி, பிலிப்ஸ், புஷ் செட்டுகளின் சேஸிஸைக் கவிழ்த்துப் பார்த்தால் கண்ணில் படுவது ரெசிஸ்டர்களின் நிறங்கள்தான். கலர் கோடைப் படிப்பது பெரிய வித்தையில்லை. கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. முதல் இரண்டு பட்டைகள் எண்கள். மூன்றாவது எத்தனை பூஜ்யம் என்று சொல்லும். நான்காவது தங்க நிறமென்றால் 5 சதவீதம் முன்பின் இருக்கலாம், வெள்ளியென்றால் 10, பட்டையே இல்லையென்றால் 20. மஞ்சள், ஊதா, ஆரஞ்சு: 47,000 ஓம். மெக்கானிக் வாயில் அது ‘நாற்பத்தேழு கே’.

நிறம் கெட்ட பிறகுதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. பல வருஷம் வால்வின் சூட்டில் வெந்த ரெசிஸ்டரில் சிவப்பு பழுப்பாகிவிடும், ஊதா சாம்பல் பூத்துவிடும். மஞ்சளுக்கு அடுத்து சாம்பல் போல ஏதோ தெரிகிறது. 48ஆ? தேர்ந்த கண் அப்படிப் படிக்காது. 10 சதவீத ரெசிஸ்டர்கள் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற பன்னிரண்டு எண்களில்தான் வந்தன. 1952ல் சர்வதேச அளவில் தரப்படுத்தப்பட்ட வரிசை இது. ஒவ்வொரு எண்ணும் முந்தையதைவிடக் கிட்டத்தட்ட 21 சதவீதம் கூடுதல். எனவே 10 சதவீதம் முன்பின் விலகினாலும் நடுவில் பெரிய பள்ளம் விழாது. இதில் மஞ்சளில் தொடங்குவது 47 ஒன்றே. ஆகவே அந்தச் சாம்பல், சாயம் போன ஊதா. ஊதாவிலோ வெள்ளையிலோ தொடங்கும் எண்ணே வரிசையில் இல்லை. அப்படித் தெரிந்தால் நிறம் மாறியிருக்கிறது, அல்லது தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்று பொருள். பாதி அழிந்த கல்வெட்டை வாசகத்தின் போக்கை வைத்து நிரப்பிப் படிப்பதற்கு ஒப்பான வேலை இது. அதே நிறைவு இதிலும் கிடைக்கும்.

இன்னும் பழைய, 1930, 40களின் செட்டுகளில் பட்டையே இருக்காது. உடல் முழுவதும் ஒரு நிறம், ஒரு முனையில் இன்னொன்று, நடுவில் ஒரு புள்ளி. உடல் முதல் எண், முனை இரண்டாவது, புள்ளி பூஜ்யங்கள். பன்னிரண்டின் கணக்கும் அங்கே செல்லாது. பச்சை உடல், கறுப்பு முனை, ஆரஞ்சுப் புள்ளி என்றால் 50,000 ஓம். அதற்குப் பதில் இன்று 47 கே போட்டால் செட் வித்தியாசம் பார்க்காது.

கண்டன்சரில் அழகுக்கென்று ஒன்றைச் சொல்வதானால், 1960களிலும் 70களிலும் வந்த முல்லார்டு சி280 வகையைச் சொல்லலாம். வண்ண மீன் போல வரிவரியாக இருப்பதால் உலகெங்கும் அதற்கு மீன் பெயரே வழங்குகிறது. கால்களுக்கு எதிர்ப்புற உச்சியிலிருந்து படிக்க வேண்டும்: இரண்டு எண், பூஜ்யங்கள், விலகல், கடைசியில் வோல்ட். சிவப்பு 250, மஞ்சள் 400. பட்டைகளுக்கு நடுவே இடைவெளி கிடையாது என்பதால் உச்சியில் ஒரே அகலச் சிவப்பாகத் தெரிவது உண்மையில் இரண்டு சிவப்பு, அதாவது 22. இங்கேயும் மஞ்சள், ஊதா, ஆரஞ்சு வரும். இங்கே அது 47,000 பிகோஃபாரட், அதாவது 0.047 மைக்ரோஃபாரட்.

எழுத்தில் வரும் குறிகளில்தான் வழுக்கல் அதிகம். ‘104கே’ என்றால் 1, 0, பிறகு நான்கு பூஜ்யம்: 0.1 மைக்ரோஃபாரட். அந்தக் ‘கே’ ஆயிரமல்ல, 10 சதவீத விலகல். பழைய பிலிப்ஸ் வரைபடத்தில் கண்டன்சருக்குப் பக்கத்தில் ‘47கே’ என்றிருந்தாலோ, அந்தக் ‘கே’ ஆயிரம் பிகோஃபாரட்தான். ஒரே எழுத்துக்கு இரண்டு வேலை. எந்தக் கம்பெனி, எந்தக் காலம் என்று தெரியாமல் வெறும் அட்டவணையை நம்புகிறவர் இங்கே தடுக்கி விழுவார்.

குறியைச் சரியாகப் படித்துவிட்டாலும் பொருள் அந்தக் குறிக்கு உண்மையாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஈரம் பட்ட கரி ரெசிஸ்டர் பெரும்பாலும் மேல்நோக்கி நகரும். கரண்டை அணைத்து, ஃபில்டர் கண்டன்சரில் தங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்டு, செட்டில் இருந்தபடியே மீட்டர் வைக்கலாம். பக்கத்துப் பாதைகள் அளவைக் குறைத்துத்தான் காட்டும். ஆகவே 47 கே நின்று நிதானமாக 62 காட்டினால், அந்த ரெசிஸ்டரைக் கழற்றிப் பார்க்கவே வேண்டாம், போய்விட்டது.

கண்டன்சரில் அதிகம் கெடுதல் செய்வது, இஎல்84 அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குச் சத்தத்தைக் கொண்டுபோகும் சின்னக் கண்டன்சர். அது டிசி வோல்டைத் தடுக்க வேண்டும். லீக் ஆனால் இரண்டாவது காலில், பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில், பாசிட்டிவ் வோல்ட் ஏறும். வால்வு அளவுக்கு மீறி இழுக்கும், பாட்டு கரகரக்கும், கடைசியில் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும். மேலே அச்சிட்ட எண் மட்டும் அன்றுபோல் தெளிவாகவே இருக்கும்.

அப்படிக் கெட்ட காகிதக் கண்டன்சரையும் தூக்கியெறியாமல் காப்பாற்றுகிற ரசிகர்கள் உண்டு. காகிதக் குழலை மெல்லச் சூடாக்கி, உள்ளிருக்கும் சுருளை உருவிவிட்டு, அதே அளவுள்ள புதிய பாலியஸ்டர் கண்டன்சரை உள்ளே வைத்து இரு முனைகளையும் மெழுகால் மூடுவார்கள். நேரம் பிடிக்கும், கூலிக்குக் கட்டாது. ஆனாலும் செய்யத் தகுந்த வேலை இது: அடுத்து இந்தச் சேஸிஸைக் கவிழ்க்கப்போகிறவருக்குப் பழைய அச்சு, பழைய கம்பெனிப் பெயர், வோல்ட் எல்லாம் இருந்த இடத்திலேயே படிக்கக் கிடைக்கும்.