அண்டைப் பின்னங்களின் அழகு

சுருக்கிய பின்னங்களை ஏறுவரிசையில் அடுக்குவது என்ற மிக எளிய செயலிலிருந்து எண்ணியலின் நுட்பமான ஒழுங்குகளுள் ஒன்று வெளிப்படுகிறது. தொகுதிக்கும் பகுதிக்கும் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாததே சுருக்கிய பின்னம். 0 முதல் 1 வரையுள்ள அத்தகைய பின்னங்களில், பகுதி ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாதவற்றை மட்டும் எடுத்து அளவுப்படி நிறுத்தினால் கிடைப்பது ஃபேரி தொடர்வரிசை. எல்லை 5 எனில் 0/1, 1/5, 1/4, 1/3, 2/5, 1/2, 3/5, 2/3, 3/4, 4/5, 1/1 எனப் பதினொரு உறுப்புகள் வரும்.

இவ்வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் எந்த இரண்டைக் குறுக்காகப் பெருக்கிக் கழித்தாலும் விடை 1 ஆகவே இருக்கும். 2/5, 1/2 ஆகியவற்றில் 5×1 – 2×2 என்பது 1. எல்லையை உயர்த்தும்போது அவ்விரண்டுக்கும் நடுவே முதன்முதலாக நுழையும் புதிய பின்னமோ, தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டினால் கிடைக்கும் 3/7. பின்னக் கூட்டலில் பிழை என்று பள்ளியில் திருத்தப்படும் அதே செய்கை இங்கே விதியாக நிற்கிறது என்பதைவிட, அவ்வாறு பிறக்கும் பின்னம் ஒருபோதும் சுருக்க வேண்டிய நிலையில் வருவதில்லை என்பதே ரசிகரை நிறுத்தி வைக்கும் இடம். 1816இல் இப்பண்பைக் கவனித்து எழுதிய ஜான் ஃபேரி ஒரு நிலவியலாளர்; நிறுவியவர் கோஷி; பிரான்சில் ஹரோஸ் 1802இலேயே இதைக் கண்டிருந்தும் பெயர் ஃபேரிக்கே நிலைத்தது.

கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என 320இல் ஒரு பங்குவரையுள்ள தமிழ்க் கீழ்வாய் எண்கள் நிலத்தையும் நெல்லையும் அளக்கப் போதுமானவையாக இருந்தாலும், அவற்றின் பகுதிகள் 2, 5 ஆகிய காரணிகளால் மட்டுமே ஆனவையாதலால் மூன்றிலொன்றுக்கும் ஏழிலொன்றுக்கும் அங்கே துல்லியமான இடமில்லை. ஃபேரி வரிசையோ எந்தப் பகுதியையும் விலக்குவதில்லை. எல்லை 100 ஆகும்போது அதில் 3,045 உறுப்புகள் உள்ளன. எல்லையின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கி, பையின் வர்க்கத்தால் வகுத்தால் ஏறத்தாழ 3,040 வரும். பின்னங்களை எண்ணும் வேலையில் வட்டத்தின் மாறிலி வந்து சேர்வது வியப்புக்குரியது.

அந்த வரிசை உண்மையாகவே வட்டத்தின் மேல் ஏறியது கொங்கு மண்ணில் பிறந்த ஒருவரின் கையால். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகப் போற்றிய சீனிவாச ராமானுஜன், 1918இல் கணிதவியலாளர் ஹார்டியுடன் வெளியிட்ட ஆய்வில் எண் பிரிவினையை எடுத்துக்கொண்டார். ஓர் எண்ணை, வரிசை பாராமல், எத்தனை வகையில் நேர்முழு எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பதே பிரிவினை. 4க்கு ஐந்து வகைகள், 200க்கோ 39,72,99,90,29,388. இந்த எண்ணிக்கைகளையெல்லாம் கெழுக்களாகத் தாங்கும் சார்பு, அலகு வட்டத்தை நெருங்குகையில், முழுச் சுற்றின் பின்னமாக அமையும் ஒவ்வொரு புள்ளியருகிலும் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. ஆயினும் பெருக்கம் எங்கும் ஒன்றுபோல் இல்லை: 0/1இல் மிக வலிது, 1/2இல் அதற்கடுத்தது, பிறகு 1/3உம் 2/3உம் எனப் பகுதி வளர வளர அது தளர்கிறது. எனவே வட்டத்தை ஃபேரி பின்னங்களைச் சுற்றிய வில்களாக வெட்டி, அண்டைப் பின்னங்களைக் கூட்டிப் பெறும் இடைப்பின்னங்களையே வில்களின் எல்லைகளாக வைத்தால், ஒவ்வொரு வில்லின் பங்கையும் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டலாம். 200க்கு முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோதே, கணிதவியலாளர் மக்மகோன் கையால் கணக்கிட்ட விடையிலிருந்து வேறுபாடு 0.004 மட்டுமே. அளவுப்படி நிற்கும் பின்னங்கள் பகுதிப்படி தம் எடையை வெளிப்படுத்தும் இந்த இடத்துக்கு நிகரான பயன் ஃபேரி வரிசைக்கு வேறெங்கும் வாய்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1937இல் கணிதவியலாளர் ராடமாகர் இந்தக் கூட்டல் சூத்திரத்தைத் துல்லியமாக ஒருங்கும் முடிவிலித் தொடராக்கினார். அடுத்த ஆண்டு லெஸ்டர் ஃபோர்டு, எண்கோட்டில் ஒவ்வொரு சுருக்கிய பின்னத்தின்மேலும், அதன் பகுதியின் வர்க்கத்தால் 1ஐ வகுத்த அளவை விட்டமாகக் கொண்ட வட்டத்தை நிறுத்திக் காட்டினார். அவை ஒன்றையொன்று வெட்டுவதே இல்லை, குறுக்குப் பெருக்கலின் வேறுபாடு 1 ஆகும் இணைகள் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. 1943இல் ராடமாகர் தம் தொகையீட்டுப் பாதையை இந்த வட்டங்களின் விளிம்பு வழியே அமைத்து, ராமானுஜனும் ஹார்டியும் தொடங்கிய கணக்கின் நிறுவலை மேலும் எளிதாக்கினார்.